பலகை தூக்கிய கைகள்



கால்பந்து மைதானத்தின் ஓரத்திலே, வெள்ளைக் கோட்டுக்கு அப்பால், நீள நீளமாய்ப் பலகைகளை நிறுத்தி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இதை வாங்கு, அதைக் குடி, எங்கள் கடைக்கு வா என்று கொட்டை எழுத்திலே கூவுகிற பலகைகள். பணம் கட்டியவன் பெயர் அதிலே பளிச்சிடும். எப்போதாவது பந்து வந்து மோதும், 'டம்' என்று ஓசை எழும். ஆட்டத்துக்கும் அந்தப் பலகைக்கும் அவ்வளவுதான் உறவு.

அந்தப் பலகைகளைப் பிடுங்கினார்கள் ஒருநாள். பிடுங்கி, அதன்மீது குற்றுயிராய்க் கிடந்தவனைக் கிடத்தி, இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர் தூக்கிக்கொண்டு புல்தரையின் நீளம் முழுவதும் ஓடினார்கள். ஓடியவர்கள் ஆம்புலன்ஸ் ஊழியர்களா? அல்ல. தீயணைப்புப் படையினரா? அல்ல. ஆட்டம் பார்க்க டிக்கட் வாங்கி வந்தவர்கள்! தம்பியைத் தேடிக்கொண்டிருந்த அண்ணன், பெயர்கூடத் தெரியாத ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இங்கிலாந்து நாட்டு ஷெபீல்டு நகரம், ஹில்ஸ்பரோ மைதானம், 1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை.

இன்று இதை எடுத்துப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். சொல்கிறோம். பெரிய ஆட்டம் நடக்கிற இரவிலே ஊரே திரைமுன் உட்கார்ந்திருக்கும். உட்காராதவர் சிலர் உண்டு. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியிலே இரவுமுறை பார்க்கும் நர்சம்மா, தள்ளுவண்டி தள்ளும் ஆள், தீயணைப்பு நிலையத்திலே காலணி கழற்றாமல் காத்திருப்பவர். மைதானத்துக்குள்ளேயே நிற்கும் காவலாளர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பார்கள். கோல் விழுந்த ஆரவாரம் அவர்கள் காதிலே விழும். கோல் மட்டும் கண்ணிலே விழாது! இவர்களைப் பற்றி நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தோம். எழுத உட்கார்ந்ததும் எங்கள் முன் வந்து நின்றது ஹில்ஸ்பரோதான். கை இருந்தது, கருணை இருந்தது, வண்டி இருந்தது, மருந்து இருந்தது. இருந்தும் 97 உயிர் போயிற்று. ஏன்?

கேளுங்கள் கதையை.

லிவர்பூல் துறைமுக நகரம். மூட்டை தூக்கியவன், கப்பலிலே நிலக்கரி அள்ளியவன், இவர்கள் வியர்வையிலே வளர்ந்த ஊர். 1980களிலே வேலையில்லாக் கொடுமை வாட்டிய ஊர். வாரமெல்லாம் உழைத்தவனுக்கும், உழைக்க வேலை தேடி அலைந்தவனுக்கும் சனிக்கிழமை மாலை என்றால் கால்பந்து. அந்த ஆண்டு எப்.ஏ. கோப்பையின் அரையிறுதி ஆட்டம். லிவர்பூலும் நாட்டிங்காம் பாரஸ்ட்டும் மோதுகின்றன. ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட பக்கம் லெப்பிங்ஸ் லேன். நின்று பார்க்கிற இடத்துக்கு மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் டிக்கட். பத்தாயிரம் பேரும் நுழைய ஏழே ஏழு சுழல் வாயில்கள்! ஒவ்வொருவராய்த் தள்ளிக்கொண்டு போகவேண்டிய குறுகிய இரும்பு வாயில்கள்.

உள்ளே போனால் என்ன? பட்டி! ஆட்டை அடைக்கிறார்களே, அதே ஏற்பாடு. பக்கவாட்டிலே இரும்புக் கம்பி, முன்னாலே உயரமான வேலி, வேலியின் தலையிலே உள்நோக்கி வளைந்த முனை. ரசிகர்களிலே கலகக்காரர் சிலர் இருந்தனர் முன்பு, உண்மை. அதற்காக ரசிகன் என்றாலே கலகக்காரன் என்று முடிவு கட்டி எழுப்பிய வேலி அது. இதே இடத்திலே 1981இல் நடந்த அரையிறுதியில் நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமடைந்தார்கள். எச்சரிக்கை மணி அன்றே அடித்தது. கேட்க வேண்டிய காது கேட்கவில்லை.

அன்றைய பந்தோபஸ்துக்குப் பொறுப்பாளர் டக்கன்பீல்டு என்ற தலைமைக் கண்காணிப்பாளர். பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெளியிலே நெரிசல் மிகுந்தது. 2.52 மணிக்குப் பெரிய கதவைத் திறக்க உத்தரவிட்டார். சுமார் இரண்டாயிரம் பேர் உள்ளே போனார்கள். எதிரே ஒரு சுரங்க வழி. அது நேராக நடுப் பட்டிகளுக்குத்தான் போகும். நடுப் பட்டிகளோ நிரம்பி வழிகின்றன. பக்கத்துப் பட்டிகளிலே இடம் இருக்கிறது. அந்தச் சுரங்க வாயிலிலே இரண்டு காவலர்களை நிறுத்தி, 'இந்தப் பக்கம் போ, தம்பி' என்று கை காட்டியிருந்தால் போதும். கை காட்ட ஆளில்லை!

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முன் வேலியிலே முகம் அழுந்தியவர்கள், மூச்சு விட முடியாமல், அப்பால் நிற்கும் போலீஸ்காரரிடம் கண்ணாலே கெஞ்சினார்கள். மேல்மாடியில் இருந்தவர்கள் கீழே குனிந்து, நீட்டிய கைகளைப் பிடித்து ஆட்களை மேலே இழுத்தார்கள். சிலர் வேலி மீது ஏறினார்கள். கண்காணிப்பு அறையிலே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்தது தெரியுமா? கலகம் என்று தெரிந்தது! 'மூச்சு, மூச்சு' என்று அவன் தவிக்கிறான். மோப்ப நாய்ப் படையை அழைக்கிறார்கள் இவர்கள். பார்வைக் கோளாறு என்று இதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தக் கண்ணிலே பல ஆண்டுக்கால எண்ணம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது.

ஆறு நிமிடத்திலே, 3.06க்கு, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அதன் பிறகுதான் நமது பொருள் ஆரம்பமாகிறது.

ஆட்டம் நின்றது, அபாய வேலை தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியது, ஆனால் தொடங்கியவர்கள் யார்? அடிபட்டவர்களே! தப்பி வந்தவர்களே! கூட்டத்திலே இருந்த மருத்துவர்களும் நர்சுகளும், லீவு நாளிலே ஆட்டம் பார்க்க வந்தவர்கள், மண்டியிட்டு உட்கார்ந்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார்கள். செயின்ட் ஜான் முதலுதவித் தொண்டர்கள் ஓடி வந்தார்கள். அவர்களிலே மீசை முளைக்காத சிறுவரும் உண்டு. போலீஸ்காரர்களிலும் பலர் தொப்பியை எறிந்துவிட்டு, வேலிக் கம்பியை வெறுங்கையால் பிய்த்து இழுத்தார்கள். சிலர் இறந்த குழந்தையின் பக்கத்திலே உட்கார்ந்து அழுதார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அடிமட்டத்திலே நின்ற சீருடைக்காரனுக்கு நெஞ்சு இருந்தது. அவனுக்கு வந்துசேர வேண்டிய உத்தரவு வரவில்லை. வந்த உத்தரவோ வேறு. மைதானத்தின் நடுக்கோட்டிலே போலீசார் வரிசை கட்டி நின்றார்கள், இந்தப் பக்கத்து ரசிகர் அந்தப் பக்கம் போய்ச் சண்டை போடாமல் தடுப்பதற்கு! பலகையிலே ஆளைத் தூக்கி வந்தவர்கள் அந்த வரிசையைத் தாண்டித்தான் ஓட வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் வரவில்லையா? வந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பதுக்கு மேல் வந்தது. வந்து எங்கே நின்றது? வெளியே, சாலையிலே, வரிசையாக! மைதானத்துக்குள்ளே, அடிபட்டவன் கிடக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவற்றை விரல் விட்டு எண்ணலாம். வாயிலிலே ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரை நிறுத்தி, 'உள்ளே போகாதே, இன்னும் சண்டை நடக்கிறது' என்றார்களாம். வண்டியை விட்டு உள்ளே போனவர் கண்ட காட்சி சண்டையா? வரிசை வரிசையாய்க் கிடந்தவர்களைக் கண்டார். 'என் தம்பியை ஏற்று', 'என் நண்பனை ஏற்று' என்று கதவைத் தட்டிய கைகளைக் கண்டார். ஒரு வண்டியிலே எத்தனை பேரை ஏற்ற முடியும், தோழர்களே? யாரை எடுப்பது, யாரை விடுவது? அந்த முடிவை ஒரு தனி ஊழியன் தலையிலே சுமத்திய ஏற்பாடு அது. அந்தச் சுமை அவரை விட்டு ஆண்டுக்கணக்கில் இறங்கவில்லை.

ஆம்புலன்ஸ் துறையின் மேலதிகாரிகள் மைதானத்துக்குள்ளேயே இருந்தார்கள். இருந்தும் நிலைமையின் கோரத்தை உணரவில்லை. பேராபத்து என்று அறிவிக்க வேண்டிய நேரத்தில் அறிவிக்கவில்லை. அறிவித்தால்தான் ஆஸ்பத்திரி தயாராகும், ஆக்சிஜன் வரும், அடிபட்டவரை வகை பிரிக்க ஆள் வரும். அந்த ஒரு வார்த்தை நேரத்தில் பிறக்கவில்லை. இறந்தவர்களில் ஆஸ்பத்திரிக்குள் சேர்க்கப்பட்டவர்கள் 14 பேர்தான். எஞ்சியோர் கட்டிலையும் காணவில்லை, மருந்தையும் காணவில்லை.

பொழுது சாய்ந்தது. இரவு வந்தது. ஆட்ட மைதானத்தின் உடற்பயிற்சிக் கூடமே பிணவறை ஆயிற்று. லிவர்பூலிலிருந்து தகப்பன்மாரும் தாய்மாரும் மலைச் சாலைகளைத் தாண்டி, 'என் பிள்ளை வேறெங்காவது இருப்பான்' என்று எண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் முன்னே ஒரு பலகை. அதிலே இறந்தோர் முகங்களின் புகைப்படங்கள், வரிசையாக. 'இதிலே உங்கள் பிள்ளை இருக்கிறானா, பாருங்கள்!' மற்ற பெற்றோரின் பிள்ளைகளை எல்லாம் பார்த்து முடித்த பின்புதான் தன் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பார்த்தாயிற்றா? உடலைத் தொட்டுக் கட்டிக்கொள்ள வந்த தாயைத் தடுத்தார்கள். உடல் இப்போது மரண விசாரணை அதிகாரிக்குச் சொந்தமாம்! பிறகு ஒரு மேசை. மேசைக்கு அப்பால் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர். அவர் கேட்ட கேள்விகளிலே ஒன்று: 'உங்கள் மகன் குடித்திருந்தானா?'

குடித்திருந்தானா! இறந்தவர் உடலிலிருந்து இரத்தம் எடுத்து மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். பள்ளிச் சிறுவனின் உடலிலும் சோதித்தார்கள். சாவுக்கு யார் காரணம் என்று தேடும் வேலை அன்றிரவே தொடங்கிவிட்டது. எந்தத் திசையிலே தேடினார்கள் என்பதைத்தான் பாருங்கள்! ஒருபுறம் விடிய விடிய மருத்துவர்கள் உயிரோடு போராடுகிறார்கள். நர்சுகள் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்கள். மறுபுறம் இந்த மேசையும் பேனாவும். இரண்டுமே அரசாங்கச் சம்பளத்தில் நடந்த இரவு வேலைதான்.

முதற்பொய் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஆட்டம் நின்று பத்து நிமிடத்துக்குள், 'ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள்' என்று கால்பந்துச் சங்கத் தலைவர்களிடம் சொன்னார் டக்கன்பீல்டு. கதவைத் திறக்க உத்தரவு போட்டவர் அவர்தான்! அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டது 2015இல். நடுவிலே 26 ஆண்டு.

நான்காம் நாள், 1989 ஏப்ரல் 19, 'சன்' ஏடு முதற்பக்கத்திலே 'உண்மை' என்று தலைப்புப் போட்டது. என்ன உண்மை? ரசிகர்கள் செத்தவர் சட்டைப்பையிலே திருடினார்களாம். போலீசார் மீது சிறுநீர் கழித்தார்களாம். மூச்சு ஊதிக்கொண்டிருந்த காவலரை அடித்தார்களாம். தோழர்களே, பலகை தூக்கிய அந்தக் கைகளைத்தான் திருட்டுக் கைகள் என்று எழுதினார்கள்! போலீஸ் வட்டாரத்திலிருந்து ஒரு செய்தி நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அச்சகத்துக்குப் போன சரக்கு அது. அச்சு இயந்திரத்துக்கு நாக்கு உண்டு, நெஞ்சு எங்கே?

லிவர்பூல் என்ன செய்தது? ஊர்வலம் போனது, உரத்துப் பேசியது, அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஏட்டை வாங்க மறுத்தது! கடைக்காரர் விற்க மறுத்தார். தெருவிலே போட்டுக் கொளுத்தினார்கள். ஒருநாள் கோபமாக அது போய்விடவில்லை. அப்பன் வாங்காததை மகனும் வாங்கவில்லை. ஏட்டைத் தோளிலே சுமந்து சந்திக்குச் சந்தி விற்றுப் பழகிய நமது தோழர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு நகரமே ஒரு நாளேட்டுக்குக் கதவைச் சாத்துவது எத்தகைய காரியம் என்று. 23 ஆண்டு கழித்து, 2012இல், அதே ஏடு அதே முதற்பக்கத்திலே மன்னிப்புக் கேட்டது.

மரண விசாரணையிலே நடந்த விந்தையைச் சொல்லாமல் விட்டால் நாம் எழுதத் தொடங்கியதே வீண். விசாரணை அதிகாரி ஒரு நேரத்தைக் குறித்தார்: மாலை 3.15. அந்த நேரத்துக்குள் எல்லோருக்கும் உயிர்போகும் காயம் நேர்ந்துவிட்டது; ஆகவே அதற்குப் பிறகு நடந்ததை விசாரிக்கத் தேவையில்லை என்றார். இந்த ஒரு கோட்டின் வேலையைப் பாருங்கள்! ஆம்புலன்ஸ் ஏன் வெளியே நின்றது? 3.15க்குப் பிறகு, கேட்காதே. ஆக்சிஜன் ஏன் வரவில்லை? 3.15க்குப் பிறகு, கேட்காதே. அபாய வேலை முழுவதும் கடிகார முள்ளின் அந்தப் பக்கம் தள்ளப்பட்டது. 1991இலே தீர்ப்பு வந்தது: தற்செயல் மரணம்!

ஆன் வில்லியம்ஸ் என்றொரு தாய். 15 வயது மகனைப் பறிகொடுத்தவர். 3.15க்குப் பிறகும், மணி நான்கை நெருங்கும்போதும், மகன் உயிரோடு இருந்தான் என்றது அவனை மடியிலே தாங்கிய பெண் காவலரின் சாட்சியம். இறக்கும் முன் 'அம்மா' என்றானாம் அவன். அந்த ஒரு சொல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டு படியேறினார் அந்தத் தாய். வக்கீல் வீட்டுப் படி, அமைச்சர் வீட்டுப் படி, நீதிமன்றப் படி. ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் விரட்டினார்கள். அவர் படித்த பட்டம் ஏதுமில்லை. கடையிலே வேலை பார்த்தவர். அந்த 3.15 கோட்டை அழித்தே தீருவது என்று நின்றார்.

2012 செப்டம்பரில் சுதந்திரக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. லட்சக்கணக்கான பக்கங்களைப் புரட்டிப் பார்த்து எழுதிய அறிக்கை. போலீசாரின் வாக்குமூலங்களிலே 164 திருத்தப்பட்டிருந்தன. அவற்றிலே 116இல் போலீசுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டிருந்தன. ஆம்புலன்ஸ் ஊழியர்களின் வாக்குமூலங்களும் தப்பவில்லை. 'நாங்கள் ஓடினோம், எங்களைத் தடுத்தார்கள்' என்று எழுதியவனின் எழுத்தையே அழிக்கும் துணிவு! உரிய உதவி கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்றது மருத்துவச் சான்று. நாற்பத்தொன்று! அந்த ஆண்டு டிசம்பரிலே பழைய தீர்ப்பு ரத்தானது. நாற்காலி வண்டியிலே உட்கார்ந்து அதைக் கேட்டார் ஆன் வில்லியம்ஸ். புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 2013 ஏப்ரலில் இறந்தார்.

2016 ஏப்ரல் 26இல் புதிய ஜூரியின் தீர்ப்பு: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள். ரசிகர்கள் மீது குற்றமில்லை. போலீஸ் தவறியது, ஆம்புலன்ஸ் துறையும் தவறியது. தண்டனை? 2019இல் டக்கன்பீல்டைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது இன்னொரு ஜூரி. வாக்குமூலம் திருத்திய வழக்கு 2021இல் சரிந்தது. அந்தக் காகிதங்கள் நீதிமன்றத்துக்குக் கொடுத்தவையல்ல, பொது விசாரணைக்குக் கொடுத்தவை, ஆகவே சட்டப்படி குற்றமாகாதாம். சுழல் வாயில்கள் போதவில்லை என்பதற்காக மைதானக் கழகத்தின் அன்றைய செயலாளருக்கு மட்டும் அபராதம்: 6,500 பவுன். அதே 2021 ஜூலையிலே, 32 ஆண்டு கிடந்து துன்புற்ற ஒருவர் இறக்க, 97ஆவது பெயர் சேர்ந்தது.

சட்டம் இப்படி நடந்தது. அபாய வேலை என்ன ஆயிற்று? அங்கே மாறுதல் வந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். நீதிபதி டெய்லர் 1990இல் தந்த இறுதி அறிக்கையிலே, உட்கார்ந்து பார்க்கும் இருக்கைகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசிற்று. நாங்கள் படித்துப் போற்றுவது வேறு பக்கங்களை. ஆயிரம் பேருக்கு ஒரு முதலுதவியாளர் வேண்டும். கூட்டம் இரண்டாயிரத்தைத் தாண்டினால் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். ஐயாயிரமானால் எல்லாக் கருவிகளோடும் ஓர் ஆம்புலன்ஸ் மைதானத்திலேயே நிற்க வேண்டும். கொட்டை எழுத்துத் தலைப்புக்கு ஆகாத வரிகள் இவை. உயிர் இந்த வரிகளிலேதான் இருக்கிறது.

சுதந்திரக் குழுவின் அறிக்கை வந்தது 2012 செப்டம்பர் என்றோம். அதற்கு ஆறு மாதம் முன்னே, மார்ச் 17, சனிக்கிழமை மாலை. அதே எப்.ஏ. கோப்பை. லண்டன் நகரம், ஒயிட் ஹார்ட் லேன் மைதானம். டாட்டன்ஹாமும் போல்ட்டனும் ஆடுகின்றன. 41ஆவது நிமிடம். போல்ட்டன் அணியின் பாப்ரிஸ் முவாம்பா, காங்கோ நாட்டிலிருந்து சிறுவனாய் அடைக்கலம் தேடி வந்த குடும்பத்துப் பிள்ளை, 23 வயது, பக்கத்திலே யாரும் இல்லாதபோது வெட்டிய மரம்போல் விழுந்தார். இதயம் நின்றுவிட்டது.

மருத்துவர்கள் ஓடினார்கள். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். கூட்டத்திலே உட்கார்ந்திருந்தார் ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர். டாட்டன்ஹாம் ரசிகர், சகோதரர்களோடு ஆட்டம் பார்க்க வந்தவர். படியிறங்கி ஓடி வந்து, ஓரத்திலே நின்ற காவலாளரிடம், 'நான் இதய மருத்துவர், என்னை உள்ளே விடு' என்கிறார். கையிலே சான்றிதழ் இல்லை. கழுத்திலே பட்டை இல்லை. கோட்டைத் தாண்டி எவனையும் விடாதே என்பதுதான் காவலாளருக்கு இட்ட கட்டளை. அன்றாடக் கூலிக்கு முதுகைத் திருப்பி நிற்கும் ஆள் அவர். மேலதிகாரியைக் கேட்கிறேன், இரு என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்ல முடியாது.

விட்டார்கள்.

டீனர் புல்தரையிலே ஓடினார். ஆம்புலன்சிலும் கூடவே ஏறினார். அருகிலிருந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி, இதய நோய்க்குச் சிறப்புச் சிகிச்சை தந்துவந்த தமது லண்டன் மார்பு மருத்துவமனைக்கு வண்டியைக் கொண்டுபோகச் செய்தார். மொத்தம் 15 முறை மின்னதிர்ச்சி. 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்கவில்லை. அத்தனை நேரமும் கை மாற்றிக் கை மாற்றி நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்த்துக் கோடு கிழிக்கவில்லை. பிறகு துடித்தது.

அடுத்த மாதம், ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை. லிவர்பூல் ஆன்பீல்டு மைதானத்திலே, அந்நாளிலே ஆண்டுதோறும் கூடிவந்ததுபோல், பிள்ளைகளை இழந்தவர்கள் கூடினார்கள். 3.06 மணிக்கு எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். மறுநாள், ஏப்ரல் 16, முவாம்பா ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போனார்.